எட்டு மாதக் குளிர்காலம், ஒரு கற்குடில், இரண்டு மனிதர்கள்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 24. வட துருவத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே உள்ள ஒரு தீவு. தரையைத் தோண்டி, கல்லை அடுக்கி, மேலே வால்ரஸ் தோலை விரித்த ஒரு குழிவீட்டுக்குள் இரண்டு நார்வேக்காரர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடத் தயாரானார்கள். ஒருவர் தம் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். புத்தாடைக்குப் பதில் அதுதான். மற்றவர் கால் குவளை வெந்நீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டார். அன்று கழற்றிய பழைய உள்ளாடையே அவருக்குத் துவாலை. விருந்துக்கு மீன் மாவும் சோள மாவும் கலந்து கொழுப்பெண்ணெயில் சமைத்த ஒரு பண்டம். அதன்பிறகு கொழுப்பில் பொரித்த ரொட்டி. பல மாதங்களாகக் கரடி இறைச்சியை மட்டுமே உண்டவர்களுக்கு அது அரசமரியாதை!

கால் குவளை நீரில் குளித்தவரின் பெயர் ஃபிரிட்யோஃப் நான்சன். மூளை நரம்புகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் அமைதிக்கான நோபெல் பரிசு பெறப்போகிறவர். சட்டையைத் திருப்பிப் போட்டவர் யால்மர் யோஹான்சன். இவருடைய பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். இந்தக் கட்டுரை நான்சனைப் பற்றியதுதான் என்றாலும் யோஹான்சனை விட்டுவிட்டு அந்தக் குளிர்காலத்தைச் சொல்ல முடியாது.

நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாயார் பனிச்சறுக்கில் தேர்ந்தவர். பெண்கள் அதில் ஈடுபடுவது முறையல்ல என்று கருதப்பட்ட காலத்தில் அதைப் பொருட்படுத்தாதவர். மகனுக்கு 15 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். காட்டில் தனியாக நாள்கணக்கில் திரிவதும், மீன் பிடித்து உண்பதும், பனியில் சறுக்குவதும் நான்சனின் இளமைப் பழக்கங்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்தெடுத்ததற்குக்கூட அந்தப் பாடம் தம்மை வெளியில் சுற்றவிடும் என்ற எண்ணம்தான் காரணம் என்பார்கள்.

1882இல் பேராசிரியர் ஒருவரின் ஆலோசனைப்படி கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏறி ஆர்க்டிக் கடலுக்குப் போனார். கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்கு அருகே அந்தக் கப்பல் மூன்று வாரங்களுக்கும் மேலாகப் பனிக்கட்டிகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டது. மற்றவர்களுக்கு அது நட்டம். 20 வயது நான்சனுக்கோ, தொலைவில் தெரிந்த அந்தப் பனிநிலத்தைக் கால்நடையாகக் கடந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

அதன்பின் ஆறு ஆண்டுகள் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார். நரம்பு உயிரணுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வலையாக இருக்கின்றன என்று பெரும்பாலான அறிஞர்கள் நம்பிய நேரம் அது. இல்லை, ஒவ்வோர் அணுவும் தனித்தனியானது என்ற முடிவுக்கு வந்த முதல் சிலரில் நான்சனும் ஒருவர். ஆய்வேட்டைத் தேர்வுக்குழுவின் முன் வாதாடி முடித்த சில நாள்களிலேயே கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். உயிரோடு திரும்புவார் என்று குழுவில் பலர் எண்ணவில்லை.

கிரீன்லாந்துப் பயணத்தில் அவர் செய்த ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். மக்கள் வாழும் பகுதி மேற்குக் கரை. கிழக்குக் கரை கிட்டத்தட்ட வெறும் பனி. முன்பு முயன்றவர்கள் மேற்கிலிருந்து உள்ளே போய், முடியாதபோது திரும்பினார்கள். நான்சனோ கிழக்கில் இறங்கினார். பின்னால் திரும்பிப் போக ஊரே கிடையாது. முன்னால் போனால்தான் உயிர். 1888இல் அவருடன் ஐந்து பேர் சென்றார்கள், அவர்களில் இருவர் சாமி இனத்தவர். ஆறு பேரும் மேற்குக் கரையை அடைந்தார்கள். ஆனால் அந்த ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, இன்யூட் மக்களிடம் கயாக் படகு ஓட்டவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். பின்னாளில் அந்த மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கப்பலைத் தவறவிட்டது எவ்வளவு பெரிய நன்மை என்பது ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

பனிக்கட்டியோடு மிதந்த கப்பல்

1881இல் ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளால் நசுக்கப்பட்டு மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பலின் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. இடையில் இருப்பது முழு ஆர்க்டிக் பெருங்கடல். அப்படியானால் அங்கே ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும் என்று ஹென்ரிக் மோன் என்ற நார்வே வானிலை அறிஞர் எழுதினார். நான்சன் அதற்குமேல் ஒரு படி சென்றார். பொருள்கள் மிதந்து வரும் என்றால் கப்பலும் மிதந்து வரலாம் அல்லவா? பனியோடு போராடாமல், வேண்டுமென்றே பனிக்குள் உறைந்துபோய், நீரோட்டம் இழுத்துச் செல்லும் வழியில் துருவத்தை நோக்கிப் போகலாம் என்பது அவர் திட்டம்.

ஆர்க்டிக்கில் அனுபவம் பெற்ற மூத்தவர்கள் பலர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். இது பயணம் அல்ல, உயிரை மாய்த்துக்கொள்ளும் வழி என்றார்கள். ஆனால் காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர், நான்சன் கேட்டபடியே ஒரு கப்பலைக் கட்டிக்கொடுத்தார். அடிப்பாகம் உருண்டையாக இருந்ததால், பக்கங்களில் பனி அழுத்தும்போது கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும். ஈரக் கையால் பழக்கொட்டையை அழுத்தினால் அது நழுவிப்போகிறதே, அதுபோல. கப்பலுக்கு ஃபிராம் என்று பெயர். நார்வே மொழியில் முன்னோக்கி என்று பொருள்.

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13 பேருடன் ஃபிராம் புறப்பட்டது. செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் உறைந்தது. கப்பல் நசுங்கவில்லை. கணக்கு சரிதான். காற்றாலையால் இயங்கும் மின்விளக்கு, நூலகம், ஐந்து ஆண்டுகளுக்கு உணவு எனக் கப்பலுக்குள் வசதியான வாழ்க்கை. ஆனால் மிதப்பு மிக மெதுவாக இருந்தது. சில நாள்களில் பின்னோக்கியும் போனது. நீரோட்டம் தம்மைத் துருவத்துக்கு மேல் கொண்டுசெல்லாது, பக்கமாகத்தான் கடத்திச் செல்லும் என்பதை நான்சன் ஓராண்டில் புரிந்துகொண்டார்.

அங்கேயே இருந்து அளவீடுகளை எடுத்திருந்தால் அறிவியலுக்கு அது போதும். ஆனால் அவருக்குப் போதவில்லை. கப்பலை ஒட்டோ ஸ்வெர்ட்ருப்பின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரே ஒரு துணையுடன் நாய்களைப் பூட்டிய சறுக்குவண்டிகளில் துருவத்துக்குச் செல்ல முடிவெடுத்தார். இதில் உள்ள ஆபத்தை உணர வேண்டும். கப்பல் ஓரிடத்தில் நிற்கவில்லை; மிதந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை இறங்கிவிட்டால் அதை மறுபடியும் கண்டுபிடிக்கவே முடியாது. துருவம் போனாலும் போகாவிட்டாலும், ஆளில்லாத ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தை நோக்கி நடந்து, அங்கிருந்து எப்படியோ வீடு சேர வேண்டும். திருமணமாகி ஆறு ஆண்டுகூட நிறையாத மனைவி ஏவாவும், பார்த்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகிவிட்ட கைக்குழந்தை லிவ்வும் வீட்டில் இருந்தார்கள். வீரம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் ஒருவகைச் சுயநலமும் தெரிகிறது.

துணையாக அவர் தேர்ந்தெடுத்தவர்தான் யோஹான்சன். சிறந்த உடற்பயிற்சி வீரர், பனிச்சறுக்கிலும் கெட்டிக்காரர். ஃபிராம் கப்பலில் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும் என்பதற்காக, வேறு பணி காலியில்லாததால், கொதிகலனுக்குக் கரி போடும் வேலையை ஏற்று வந்தவர்.

1895 மார்ச் 14ஆம் தேதி 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக் படகுகளுடன் இருவரும் புறப்பட்டார்கள். பகலில் வியர்த்த உடை இரவில் இரும்புக் கவசம்போல் உறைந்தது. உறைந்த சட்டைக்கை மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. உறக்கப்பைக்குள் புகுந்து தங்கள் உடல் சூட்டாலேயே அந்த உடையை உருக்கினார்கள். காலையில் அது மறுபடியும் உறைந்தது. அதைவிடக் கொடுமை, அவர்கள் வடக்கே நடக்க நடக்க, காலடியில் இருந்த பனிப்பரப்பு தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி 86 பாகை 14 கலை வடக்கில் நான்சன் நின்றார். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. துருவம் இன்னும் 400 கிலோமீட்டருக்குமேல் இருந்தது. திரும்புவோம் என்றார்.

திரும்பும் வழியில் சிறிய பிழை ஒன்று நடந்தது. நெடுநேரம் நடந்த களைப்பில் இருவரும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தார்கள். இரண்டும் நின்றுவிட்டன. நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கடலிலும் பனியிலும் தீர்க்கரேகையைக் கணிக்கச் சரியான நேரம் வேண்டும். பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும். எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்பது அன்றிலிருந்து ஊகம்தான்.

உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குக் கொடுத்தார்கள். தோட்டாவை மிச்சப்படுத்தக் கத்தியைப் பயன்படுத்தினார்கள். ஆகஸ்டில் கடலோரம் வந்தபோது ஆளுக்கு ஒரு நாய் எஞ்சியிருந்தது. கயாக்கில் நாய்களை ஏற்ற இடமில்லை. அந்த இரண்டுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு தோட்டாவைச் செலவழித்தார்கள். தன் நாயைத் தானே சுட மனம் வராமல், நான்சனின் நாயை யோஹான்சனும், யோஹான்சனின் நாயை நான்சனும் சுட்டார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு ஒரு கரடி யோஹான்சனை மல்லாக்கத் தள்ளி மேலே நின்றது. கரடியின் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டே, கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், இல்லாவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற பொருளில் அவர் நான்சனிடம் சொன்னாராம், மரியாதைப் பன்மை குறையாமல்! அந்த மரியாதைக்குப் பின்னர் வருவோம்.

வால்ரஸ் எலும்பால் ஒரு மண்வெட்டி

ஆகஸ்ட் இறுதியில் பனியும் புயலும் கடல்வழியை அடைத்துவிட்டன. இனி நகர முடியாது. அடுத்த கோடைவரை இங்கேயே இருக்க வேண்டும். எந்தத் தீவு என்பதும் தெரியாது. கையில் இருந்தவை: துப்பாக்கிகள், கொஞ்சம் தோட்டா, ஒரு சிறிய கோடரி, கத்திகள், ஒரு சமையல் பாத்திரம், கிழிந்துபோன பட்டுக் கூடாரம், சறுக்குவண்டிகள்.

முதலில் தற்காலிகமாக ஒரு கற்பொந்தைக் கட்டினார்கள். நான்சன் உயரமானவர். படுத்தால் கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்துகொண்டே குளிர்கால வீட்டைக் கட்டத் தொடங்கினார்கள். மண்வெட்டி வேண்டுமே! வால்ரஸின் தோள்பட்டை எலும்பை உடைந்த பனிச்சறுக்குக் கோலில் கட்டினார்கள், மண்வெட்டி ஆயிற்று. வால்ரஸின் தந்தத்தைச் சறுக்குவண்டியின் குறுக்குச் சட்டத்தில் இணைத்தார்கள், அது கடப்பாரை. இந்த இரண்டைக் கொண்டு, உறைந்த தரையைச் சுமார் ஒரு மீட்டர் ஆழம் தோண்டினார்கள். அதற்குமேல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, இடுக்குகளில் பாசியையும் மண்ணையும் அடைத்தார்கள்.

கூரைக்கு முதுகுமரம் தேவை. மரம் முளைக்காத நிலம் அது. ஆனால் சைபீரிய ஆறுகள் அடித்துவரும் மரங்கள் ஆர்க்டிக் கரைகளில் ஒதுங்கும். அப்படி ஒதுங்கிக் கிடந்த ஒரே ஒரு மரக்கட்டையைக் கண்டுபிடித்து, அந்தச் சிறிய கோடரியால் வேண்டிய நீளத்துக்கு வெட்டினார்கள். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. அதன்மேல் வால்ரஸ் தோல்களை விரித்து, ஓரங்களில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உறைந்து பலகைபோல் விறைத்துப்போன தோலை இளக்க, கடல் பனியில் துளை போட்டு நீருக்குள் ஊறவைத்தார்கள். கடல்நீர் அந்தத் தோலைவிடச் சூடாக இருந்தது என்றால் வெளிக்குளிரை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 28ஆம் தேதி குடிபுகுந்தார்கள். நீளம் பத்து அடி, அகலம் ஆறு அடி. நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். வாசல் என்பது தரைக்கு அடியில் தவழ்ந்து வரும் ஒரு சுரங்கம். குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறி உள்ளே வராது என்ற எளிய இயற்பியல்; இன்யூட் வீடுகளில் நான்சன் பார்த்தது. கப்பலைத் தவறவிட்ட அந்தக் கிரீன்லாந்துக் குளிர்காலம் இங்கே கைகொடுத்தது. புகைபோக்கி பனிக்கட்டியால் ஆனது. அடுப்புச் சூட்டில் அவ்வப்போது உருகும், மறுபடியும் கட்டுவார்கள்.

விளக்கு சறுக்குவண்டியின் அடியில் இருந்த உலோகத் தகட்டை மடக்கிச் செய்தது. திரி மருந்துப்பெட்டியில் இருந்த கட்டுத்துணி. எண்ணெய் வால்ரஸ் கொழுப்பு. சமையல், வெளிச்சம், வெப்பம் எல்லாவற்றுக்கும் அந்தக் கொழுப்புதான். அவ்வளவு எரித்தும் உள்ளே வெப்பநிலை உறைநிலையைச் சுற்றியே இருந்தது. சுவரில் படிந்த பனி விளக்கொளியில் பளிங்குபோல் மின்னும் என்று நான்சன் எழுதியிருக்கிறார். நம் வகுப்பறையில் குளிரூட்டியை 20 பாகைக்குக் குறைத்தாலே மேலாடையைத் தேடுகிறோம். அவர்களோ சைபர் பாகையை இதமான சூடு என்று கருதினார்கள்.

படுக்கைக்குக் கரடுமுரடான கற்கள், அதன்மேல் கரடித்தோல். எட்டு மாதமும் அந்தக் கற்களைச் சமப்படுத்த முடியவில்லை. வீடு வந்துவிட்டது, இனித் தனித்தனியாகத் தூங்கலாம் என்று முதல் இரவு ஆளுக்கொரு கம்பளியில் படுத்தார்கள். விடியும்வரை நடுங்கினார்கள். மறுநாள் முதல் மறுபடியும் ஒரே உறக்கப்பைக்குள் இருவரும்.

காலையில் கரடி சூப்பும் வேகவைத்த இறைச்சியும். இரவில் பொரித்த இறைச்சி. ஒருவர் ஒரு வாரம் சமைத்தால் மற்றவர் அடுத்த வாரம். நாள்கணக்கு தெரிந்ததே அந்தச் சமையல் முறையால்தான் என்றுகூடச் சொல்லலாம். உப்பில்லை, ரொட்டி இல்லை, காய்கறி இல்லை. ஆனாலும் துருவப் பயணிகளைக் கொன்றுகுவித்த ஸ்கர்வி நோய் அவர்களை அண்டவில்லை. அன்றைக்கு வைட்டமின் என்ற சொல்லே கிடையாது. புதிய இறைச்சியை அதிகம் வேகவைக்காமல் உண்டால் அதில் ஓரளவு வைட்டமின் சி கிடைக்கும் என்பதை இன்று நாம் அறிவோம்.

அக்டோபர் நடுவில் சூரியன் மறைந்தது. பிப்ரவரி இறுதிவரை வரவில்லை. கரடிகளும் வரவில்லை. செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு நாளில் 20 மணி நேரம்வரைகூடத் தூங்கினார்கள். நான்சன் எழுத்தாளர், ஆயினும் அந்த மாதங்களில் அவருடைய நாள்குறிப்பு கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடக்கிறது. எழுத என்ன இருக்கிறது? கையிலும் உடையிலும் படிந்த எண்ணெய்க் கரி தாளைத் தொட்டதும் கறுப்பாக்கியது. படிக்க இருந்தவை கடல்வழிப் பயணிகளுக்கான வானியல் பஞ்சாங்கமும் கணித அட்டவணைகளும். அவற்றையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். பொருள் எதுவானாலும், அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பதே, தாங்கள் மனித உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று நினைவூட்டியதாம். தேர்வுக் காலத்தில் பாடநூலைத் தூக்கி எறியத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

உடைதான் பெரிய துன்பம். எண்ணெய் ஊறிய உடை தோலோடு ஒட்டிக்கொண்டது. நடந்தால் தொடையை உராய்ந்து புண்ணாக்கியது. சோப்பு இல்லை. சட்டையை வேகவைத்து, கத்தியால் சுரண்டி எண்ணெயை எடுத்தார்கள். அந்த எண்ணெயும் வீணாகவில்லை, விளக்குக்குப் போனது. இருவரும் படுத்தபடி பேசிய கனவு எது தெரியுமா? பெரிய துணிக்கடை. சுத்தமான, மெத்தென்ற புதிய கம்பளி உடைகள் சுவர் முழுக்கத் தொங்கும் கடை. அதற்குள் நடந்துபோய் வேண்டியதை எடுத்துக்கொள்வது. இளம் பருவத்தில் உலகப் புகழைக் கனவு கண்ட மனிதர், உலகின் உச்சியில் படுத்துக்கொண்டு கால்சட்டையைக் கனவு கண்டார்.

நரிகள் வேறு தொல்லை கொடுத்தன. இறைச்சியைத் திருடினால் புரியும். அவை நூல்கண்டு, ஈட்டிக் கயிறு, நான்சன் சேர்த்து வைத்திருந்த கல் மாதிரிகள், கடைசியில் வெளியே வைத்திருந்த வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு போயின.

அந்த இருட்டில் இன்னொரு கவலையும் இருந்தது. ஃபிராம் தங்களுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டால்? கப்பல் வந்து, அதில் இவர்கள் இருவர் மட்டும் இல்லையென்றால், வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தூரமாய் நின்ற ஒரு சொல் அந்தப் புத்தாண்டுப் பொழுதில் மாறியது. நம் மொழியில் நீங்கள், நீ என்று இரண்டு இருப்பதுபோல் நார்வே மொழியிலும் அன்று இருந்தன. ஒரே பையில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கியவர்கள், ஒரே பாத்திரத்தில் உண்டவர்கள், ஒருவர் உயிரை ஒருவர் காத்தவர்கள், அதுவரை ஒருவரையொருவர் நீங்கள் என்றே விளித்து வந்தார்கள். 1895ஆம் ஆண்டின் கடைசி நாளில், இனி நீ என்றே பேசிக்கொள்வோம் என்று நான்சன் முன்மொழிந்தார். பெருமையாகச் சொல்வதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. தலைவர் என்ற இடத்திலிருந்து இறங்கிவர அவருக்கு அவ்வளவு காலம் பிடித்தது. அருகில் படுத்திருந்த யோஹான்சனுக்கு அந்த மாதங்கள் எவ்வளவு நீண்டிருக்கும்!

சோப்பு வாசனை

1896 மே 19ஆம் தேதி வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். தங்கள் பயணத்தைச் சுருக்கமாக எழுதிய ஒரு குறிப்பை உலோகக் குழாயில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டார்கள், யாராவது பிற்பாடு வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று.

ஜூன் 12ஆம் தேதி ஒன்றாகக் கட்டியிருந்த இரண்டு கயாக்குகளைப் பனிக்கரையில் நிறுத்திவிட்டு இருவரும் மேட்டில் ஏறினார்கள். தோல்கயிறு அறுந்தது. உணவு, துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றுடனும் படகுகள் காற்றில் விலகிப் போயின. நான்சன் கடிகாரத்தை யோஹான்சனிடம் கொடுத்துவிட்டு, மேலாடைகளைக் கழற்றி எறிந்து நீரில் குதித்தார். பனிக்கட்டிகள் மிதக்கும் நீர். கைகால் மரத்துப்போன நேரத்தில் படகைத் தொட்டார், ஏற முடியவில்லை. எப்படியோ ஒரு காலைத் தூக்கிப்போட்டு உருண்டு ஏறினார். பற்கள் கிடுகிடுக்கத் துடுப்புப் போட்டு வரும்போது, எதிரே இரண்டு கடற்பறவைகள் தெரிந்தன. இரவு உணவாயிற்றே என்று துப்பாக்கியை எடுத்து இரண்டையும் சுட்டார்! கரையில் நின்ற யோஹான்சன், குளிரில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே எண்ணினார்.

ஜூன் 17ஆம் தேதி காலை நாய் குரைக்கும் சத்தம் நான்சனின் காதில் விழுந்தது. சத்தம் வந்த திசையில் நடந்தார். மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார்: முகம் மழித்து, கட்டம்போட்ட உடையும் தொப்பியும் அணிந்த ஆங்கிலேயர் ஃபிரெடரிக் ஜாக்சன். எதிரே நின்றவரோ எண்ணெயும் கரியும் அப்பிய, தலைமயிர் தோளில் விழும் ஓர் உருவம். கைகுலுக்கி நலம் விசாரித்த பிறகுதான், நீங்கள் நான்சன் அல்லவா என்று ஜாக்சன் கேட்டார். அவரிடமிருந்து வீசிய சோப்பு வாசனை நான்சனின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

இதே ஜாக்சன், ஃபிராம் பயணத்தில் சேர விண்ணப்பித்தவர். நார்வேக்காரர் அல்லர் என்பதால் நான்சன் அவரை மறுத்திருந்தார். அவர் தனியாக ஒரு குழுவை அமைத்து 1894 முதல் அந்தத் தீவுக்கூட்டத்தில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அதாவது, குடிலில் எட்டு மாதங்களைக் கழித்த காலம் முழுவதும் 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் மர வீடும் அடுப்பும் புத்தகங்களும் மனிதர்களும் இருந்தன. நின்றுபோன கடிகாரங்கள் அதை மறைத்துவிட்டன. நான்சனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்களைக்கூட ஜாக்சன் பத்திரமாக வைத்திருந்தார். எடை பார்த்தார்கள். கப்பலைவிட்டு இறங்கியபோது இருந்ததைவிட நான்சன் 10 கிலோவும் யோஹான்சன் 6 கிலோவும் கூடியிருந்தார்கள்!

ஆகஸ்ட் 13ஆம் தேதி நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்தச் சிற்றூரில் தற்செயலாகத் தங்கியிருந்தவர் யார் தெரியுமா? இந்த எண்ணத்துக்கு முதல் விதை போட்ட பேராசிரியர் மோன். அதே நாளில்தான் வடக்கே ஃபிராம் பனியிலிருந்து விடுபட்டுத் திறந்த கடலுக்கு வந்தது. ஒரு வாரத்தில் அதுவும் நார்வே சேர்ந்தது. 13 பேரும் உயிருடன் இருந்தார்கள்.

நான்சனுக்கு உலகப் புகழ் வந்தது. எழுதிய நூல் பணத்தைக் கொண்டுவந்தது. பேராசிரியர் பதவி, 1905இல் நார்வே தனிநாடான பிறகு லண்டனில் முதல் தூதர் பதவி என்று உயர்ந்தார். ஃபிராம் பயணத்தில், பனிக்கட்டி காற்றடிக்கும் திசையில் நேராக நகராமல் வலப்பக்கம் விலகி நகர்வதை அவர் கவனித்திருந்தார். அதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்பதை எக்மன் என்ற சுவீடிய இளைஞர் கணிதத்தால் விளக்கினார். கடலியல் படிக்கும் மாணவர்களுக்கு எக்மன் சுருள் என்ற பெயர் பழக்கமானதாக இருக்கும்.

யோஹான்சனின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. புகழ் அவரிடம் தங்கவில்லை, குடிப்பழக்கம் தங்கியது. 1910இல் நான்சனின் பரிந்துரையால் அமுண்ட்சென்னின் தென் துருவக் குழுவில் சேர்ந்தார். குளிர்காலம் முடியும் முன்பே அவசரப்பட்டுக் கிளம்பிய ஒரு முயற்சியில் சக பயணி ஒருவரைச் சாவிலிருந்து மீட்டுவந்தார். பிறகு தலைவரின் தவற்றை எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினார். தென் துருவத்துக்குச் சென்ற ஐவரில் அவர் சேர்க்கப்படவில்லை. 1913 ஜனவரியில், 45 வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நான்சனின் பெயரில் எத்தனையோ நிறுவனங்கள் உள்ளன. அந்தக் குடிலின் மறுபாதிக்கு உரியவரையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920இல், உலக நாடுகள் சங்கம் நான்சனிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. சைபீரியாவிலும் பிற இடங்களிலும் சிக்கியிருந்த போர்க் கைதிகளை ஊருக்கு அனுப்பவேண்டும். இரண்டு ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். அடுத்து ரஷ்யப் பஞ்சம். அடுத்து அகதிகள். புரட்சிக்குப் பின் ரஷ்யாவைவிட்டு வெளியேறிய லட்சக்கணக்கானோரிடம் எந்த நாட்டின் தாளும் இல்லை. தாள் இல்லாதவரை எந்த நாடும் உள்ளே விடாது. உள்ளே இருப்பவருக்கு வேலை கொடுக்காது. 1922இல் நான்சன் அதற்கு ஒரு வழி கண்டார். நாடற்றவருக்கு ஒரு சான்றுத்தாள். அதை நாடுகள் ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம். நான்சன் கடப்பிதழ் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோக்கோவ் ஆகியோரும் அதை வைத்திருந்தார்கள்.

அவர் செய்தது எல்லாமே எல்லாருக்கும் உவப்பாக இருந்ததில்லை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களை மாற்றிக்கொள்ள அவர் முன்வைத்த ஏற்பாட்டில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிறந்த ஊரை இழந்தார்கள். ஆர்மீனிய அகதிகளுக்காக அவர் கேட்ட பணத்தை வல்லரசுகள் தரவில்லை. 1922இல் கிடைத்த நோபெல் பரிசுப் பணத்தை அவர் துயர்துடைப்புப் பணிகளுக்கே செலவிட்டார்.

1930 மே 13ஆம் தேதி ஆஸ்லோவுக்கு அருகில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். நார்வேயின் தேசிய நாளான மே 17ஆம் தேதி இறுதி மரியாதை நடந்தது. அஸ்தி அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் புதைக்கப்பட்டது. வடக்கே அந்தத் தீவுக்கு அவர் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டார்: ஜாக்சன் தீவு.